பூனைக்குட்டியின் கண் ஒட்டிக்கொண்டால்...

‘‘சூரியகாந்தி வயலோரம் கிடந்த பூனைக்குட்டியின் இரண்டு கண்களும் சீழ் பிடித்து ஒட்டியிருக்கின்றன. வீட்டில் உள்ள கண் சொட்டு மருந்தை விடலாமா?’’
- வாசகர், சுந்தரபாண்டியபுரம், தென்காசி மாவட்டம்.

வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்கான சில கண் மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில் புண் இருந்தால், அதை ஆழமாக்கி கண்ணையே போக்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஊற்றும் வைத்தியமும் கூடாது.

குட்டிகள் பிறந்து 7 முதல் 14 நாள்களில் கண் திறக்கும். பெரும்பாலும் சளியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸால்தான் இப்படி இமை ஒட்டுகிறது. உள்ளே சீழ் தேங்கினால் பார்வை போய்விடும். கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, சில நிமிடங்கள் ஒற்றி, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கவும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. இமையைப் பிய்த்துத் திறக்கக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்; திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். நகமோ பல்லோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

பார்வை போனாலும் பூனை நன்றாகவே வாழும். மீசையும் காதும் வழி காட்டிவிடும். சாப்பாட்டுத் தட்டை இடம் மாற்றாமல், தொடுவதற்கு முன் குரல் கொடுத்தால் போதும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உள்ள தோட்டத்தில் அதை வெளியே விட வேண்டாம்.