குருவி இல்லை, கோரஸ்!

"வீட்டுக்குள்ள குருவி ஏதாவது புகுந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல்.

"குருவி இல்லை. பூமிக்கு மேலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஓடற பிளாஸ்மா அலை" என்றேன்.

"அதெல்லாம் காதுல விழுது. காஸ் தீர்ந்துபோச்சுன்னு காலைலேர்ந்து கத்தறேன், அது விழலை!"

ஸ்பீக்கரைச் சின்னதாக்கினேன். 2012-ல் நாஸா அனுப்பிய வான் ஆலன் ப்ரோப்ஸ் என்ற இரட்டை விண்கலங்கள் பதிவு செய்த அலை அது. அசல் விடியற்காலைத் தோப்பு! விஞ்ஞானிகளே 'கோரஸ்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அது சத்தமே இல்லை, ஒரு வகை ரேடியோ அலை. அதிர்வு எண் நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால், ஸ்பீக்கரில் விட்டால் கீச் கீச்.

குருவி சாது. இது அப்படியல்ல. பூமியைச் சுற்றி, மெதுவடை மாதிரி ஒன்றுக்கு வெளியே இன்னொன்றாகக் கதிர்வீச்சு வளையங்கள் உண்டு. 1958-ல் ஜேம்ஸ் வான் ஆலன் கண்டுபிடித்தது. சூரியனின் சீற்றத்தால் காந்தப்புயல் வரும்போது கோரஸ் உச்சஸ்தாயிக்குப் போகும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது போல, எலெக்ட்ரான்களைத் தள்ளித் தள்ளி கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்கே கொண்டுபோய்விடும். இவற்றின் செல்லப்பெயர் 'கில்லர் எலெக்ட்ரான்'. சாட்டிலைட்டுக்குள் துளைத்துப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் உள்ளே 'பட்'டென்று பொறி! 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் இ-1, இ-2 இரண்டும் சில மணி நேர இடைவெளியில் தள்ளாடின. முதலாவது சீக்கிரமே தேறியது. இரண்டாவதை வழிக்குக் கொண்டுவர சுமார் 6 மாதம்.

புயல் பெரிசு என்றால் எலெக்ட்ரானும் ஜாஸ்தி, அவ்வளவுதானே? என் பி.காம். மூளையும் அப்படித்தான் கணக்குப் போட்டது. தப்பு. 1989 முதல் 2000 வரையிலான 276 புயல்களை அலசிய ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. சுமார் பாதிப் புயல்களில்தான் எலெக்ட்ரான் கூடியிருக்கிறது. கால்வாசியில் குறைந்திருக்கிறது! மீதியில் பெரிய மாற்றமில்லை.

காரணம், கோரஸ் வரவு வைத்தால், பற்று எழுத வேறு அலைகள் இருக்கின்றன. பாம்புச் சீறல் போலிருக்கும் 'ஹிஸ்' அவற்றில் ஒன்று. எலெக்ட்ரான்களைத் திசை மாற்றி வாயுமண்டலத்தில் கொட்டிவிடும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எழுதப்படுகிற பேரேட்டில், புயலின் அளவை மட்டும் பார்த்துக் கடைசி இருப்பைச் சொல்ல எந்த ஆடிட்டராலும் முடியாது. அலைகளையும் பார்த்தாக வேண்டும்.

நமக்கென்ன என்கிறீர்களா? 2024-ல் நாம் ஏவிய இன்சாட்-3டிஎஸ், 36,000 கி.மீ. உயரத்தில் அந்த வெளி வளையத்து வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது. நாகப்பட்டினத்து மீனவருக்காக வங்கக்கடல் புயலை வேவு பார்ப்பது அதன் வேலை. அதுக்கு ஒரு புயல் வந்தால் யார் சொல்வது? அதற்குத்தான் இந்தக் குருவி ஆராய்ச்சி.

அந்த இரட்டை விண்கலங்களுக்கு என்ன ஆயிற்று? எரிபொருள் தீர்ந்து, 2019-ல் பணி முடிந்தது.

என் வீட்டிலும் அதே நிலைமை. சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன்.