யாருடைய தாமதத்தை அளக்கிறார்கள்?

ஆண்டு பிறந்ததும் ஒரு பட்டியல் வெளியாகிறது. நெதர்லாந்து நாட்டு டாம்டாம் என்னும் கம்பெனி, உலக நகரங்களின் சாலைகளில் வண்டிகள் எவ்வளவு மெதுவாக ஊர்கின்றன என்று கணக்கெடுத்து வரிசைப்படுத்துகிறது. 2024ஆம் ஆண்டுக்கான பட்டியலில் கல்கத்தாவில் 10 கிலோமீட்டர் போக 34 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்றென்றும், சென்னையில் 30 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்றென்றும் கண்டிருந்தது. உடனே பெரிய பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன. வாகன ஓட்டிகளின் பொன்னான நேரம் பாழாகிறதாம்! பெட்ரோல் வீணாகிறதாம்! மேம்பாலம் கட்டு, சாலையை அகலமாக்கு, நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்து என்று ஆலோசனைகளும் கூடவே வந்தன.

நேரம் பாழாவது உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. யாருடைய நேரம்?

அந்தப் பட்டியல் வண்டியில் பொருத்திய கருவிகளும், ஓட்டுகிறவர் கையிலுள்ள டெலிபோனும் அனுப்பும் தகவல்களைக் கொண்டு தயாராவது. அதாவது, கார் போகும் நேரம். காலை ஏழு மணிக்கு டிபன் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிற தொழிலாளி அதில் இல்லை. முதல் பஸ் நிற்காமல் போயிற்று, இரண்டாவது பஸ்ஸில் படியில்கூட இடமில்லை, மூன்றாவதில் தொற்றிக்கொண்டான். நிறுத்தத்தில் போன அரை மணி எந்தப் பட்டியலிலும் ஏறாது. வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனதற்குப் பிடித்தம் செய்கிறானே முதலாளி, அந்தக் காசும் ஏறாது.

சாலையில் வேகத்தை அளப்பதெல்லாம் எஞ்சினீயர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இது பெரிய வித்தையல்ல. முறை எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

சோதனைக் கார் ஒன்றைச் சாலையில் விடுகிறார்கள். அது தனி வேகத்தில் பறக்கக் கூடாது. மற்ற வண்டிகளின் ஓட்டத்தோடு ஒட்டிப் போக வேண்டும். உள்ளே டிரைவரைத் தவிரச் சில ஆட்கள். ஒருவர் கையில் இரண்டு ஸ்டாப் வாட்ச். ஒன்று, குறித்த இடங்களைக் கடக்கும் நேரத்துக்கு. மற்றொன்று, வண்டி நின்றுபோன ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு. எங்கே நின்றது, எதனால் நின்றது என்பதையும் அவர் எழுதிக்கொள்கிறார்: சிக்னலா, குறுக்கே நடந்தவர்களா, ஓரத்தில் நிறுத்தி வைத்த கார்களா என்று. இன்னொருவர் தம்மை முந்திய வண்டிகளை எண்ணுகிறார். வேறொருவர் தாம் முந்திய வண்டிகளை. மற்றொருவர் எதிரே வருகின்றவற்றை. போய்வந்த நேரங்களையும் இந்த எண்களையும் சேர்த்துப் போட்டால், அந்தச் சாலையில் மணிக்கு எத்தனை வண்டி ஓடுகிறது, சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று விடை வந்துவிடும். 1954இல் இங்கிலாந்தில் வார்ட்ராப், சார்ல்ஸ்வொர்த் என்ற இருவர் வகுத்த கணக்கு இது. இன்று டெலிபோனும் காமிராவும் வந்து ஆட்களின் வேலையைக் குறைத்துவிட்டன. கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இதில் இரண்டு வேகங்கள் உண்டு. இவற்றைப் பிரித்தறிவதுதான் முக்கியம். 8 கிலோமீட்டர் சாலை. கடக்க 32 நிமிஷம் ஆயிற்று. அதில் 12 நிமிஷம் வண்டி நின்றுகிடந்தது என்று வைத்துக்கொள்வோம். முழு நேரத்தையும் வைத்து வகுத்தால் மணிக்கு 15 கிலோமீட்டர். அது பயண வேகம். நின்ற நேரத்தைக் கழித்து, ஓடிய 20 நிமிஷத்தை மட்டும் வைத்து வகுத்தால் மணிக்கு 24 கிலோமீட்டர். அது ஓட்ட வேகம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் சாலை நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் 24ஐச் சொல்வார். புதுப் பாலத்துக்குப் பணம் கேட்க வேண்டியவர் 15ஐச் சொல்வார். சம்பளப் பேச்சில் நிர்வாகம் மொத்தச் சம்பளத்தைச் சொல்லும். தொழிலாளி கைக்கு வந்ததைச் சொல்வான். அதே சமாசாரம்தான் இங்கேயும்!

பஸ் டிரைவர், கண்டக்டர் தோழர்களுக்கு இந்தக் கணக்கு வயிற்றுப் பிரச்னை. ஒரு தடத்துக்கு இத்தனை நிமிஷம் என்று கால அட்டவணையில் ஓட்ட நேரம் விதித்திருக்கிறார்கள். அதை என்றைக்கு அளந்தார்கள்? சாலையில் வண்டிகள் பெருகிவிட்டன, நடுவே பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சிக்னல்கள் கூடின, நிறுத்தத்தில் ஏறுகிற கூட்டம் கூடிற்று. அட்டவணை மட்டும் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? கடைசி நிறுத்தத்தில் டீ குடிக்கக் கிடைக்க வேண்டிய பத்து நிமிஷம் முதலில் போகும். பிறகு ஒரு சிங்கிள் குறையும். சிங்கிள் குறைந்தால் வசூல் குறையும். வசூலோடு சேர்ந்த பேட்டாவும் குறையும். மேலதிகாரி 'ஏன் தாமதம்?' என்று விளக்கம் கேட்பார். சிவப்பு விளக்கிலா விளக்கம் கேட்க முடியும்? நேரத்தைப் பிடிப்பதற்காக நிறுத்தத்தைத் தாண்டி ஓட்டினால், அங்கே நிற்கிற இன்னொரு தொழிலாளி டிரைவரைத் திட்டுகிறான். தொழிலாளியும் தொழிலாளியும் சண்டையிட, அட்டவணை போட்டவர் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். அளவெடுப்புத் தாள் எந்தத் தேதியினது என்று பார்க்கக் கேட்கிற உரிமை தொழிற்சங்கத்துக்கு வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

அளவுகோலே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். இந்திய ரோடு காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு. (அரசியல் காங்கிரஸ் அல்ல, 1934இல் ஏற்பட்ட சாலைப் பொறியாளர் அமைப்பு.) நகரச் சாலைகளின் கொள்ளளவு பற்றி 1990இல் அது ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். ஒரு கார் என்றால் ஒன்று. ஒரு பஸ் என்றால், சாலையில் அதன் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து, 2.2 முதல் 3.7 வரை. சாலையில் பஸ் பிடிக்கும் இடத்தைச் சொல்ல இது சரியான கணக்கே. ஆனால் அதோடு நின்றுவிட்டால், பஸ் என்பது மூன்று காருக்குச் சமமான இடைஞ்சல் என்றுதான் அர்த்தம் விளங்கும். அந்த இடைஞ்சலுக்குள் ஐம்பது அறுபது பேர் இருக்கிறார்கள் என்பது எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை!

இதெல்லாம் வாதத்துக்குச் சொல்வதல்ல. டில்லியில் நடந்ததைப் பார்ப்போம்.

2008இல் டில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குச் சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்று தனித் தடம் போட்டார்கள். சைக்கிளுக்குத் தனி வழி, நடப்பவர்க்குத் தனி வழி. மீதி இடம் காருக்கும் ஸ்கூட்டருக்கும். வந்ததே கோபம்! திறந்த நாளிலிருந்து கூக்குரல். சிராக் டில்லி சந்திப்பில் கார்கள் நெடுநேரம் காத்துக் கிடக்கின்றன, பஸ் தடமோ காலியாகக் கிடக்கிறது என்றார்கள். ஐம்பது பேரைச் சுமந்த பஸ் ஓடிக் கடந்துவிட்டால் தடம் காலியாகத்தானே தெரியும்? காலியாகத் தெரிவதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அல்லவா?

வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் அளந்து சொல்லட்டும் என்று விடப்பட்டது. 2012 மே மாதத்தில் பஸ் தடத்தை மற்ற வண்டிகளுக்கும் திறந்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். வேகமும் தாமதமும் அளக்கப்பட்டன. தனித் தடம் இல்லாமலிருப்பதே மேல் என்று அறிக்கை வந்தது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. கார்களுக்கு இன்னும் இடம் கொடுத்தால் கார்கள் விரைவாகப் போகும். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நிலையம் தேவையா என்பது வேறு விஷயம்.

தோழர்களே, கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு சந்திப்பில் 100 கார், 10 பஸ். காரில் சராசரி ஒன்றரைப் பேர். ஆக 150 பேர். பஸ்ஸில் ஐம்பது ஐம்பதாக 500 பேர். தனித் தடத்தால் ஒவ்வொரு காருக்கும் 2 நிமிஷம் நஷ்டம், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் 2 நிமிஷம் லாபம். வண்டிக் கணக்குப்படி 200 நிமிஷம் நஷ்டம், 20 நிமிஷம் லாபம். ஆகவே திட்டம் தோல்வி! ஆள் கணக்குப்படியோ 300 நிமிஷம் நஷ்டம், 1,000 நிமிஷம் லாபம். அதே சந்திப்பு, அதே கடிகாரம். வகுக்கும் எண்ணை மாற்றினால் தீர்ப்பு தலைகீழ். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. டில்லிச் சாலையிலும் நிலைமை இந்த ஜாடைதான். வண்டிகளில் பஸ்கள் மிகச் சிறு பங்கு. பயணிகளிலோ சுமார் பாதிப் பேர் பஸ்ஸில் போனவர்கள்.

2012 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தனித் தடத்துக்கு எதிரான மனுவைத் தள்ளிவிட்டது. மக்களை நகர்த்துவதே நோக்கம், வண்டிகளை நகர்த்துவதல்ல என்று மத்திய சர்க்காரே 2006இல் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. ஏட்டில் எழுதியதற்கு ஒரு நீதிமன்றத்தில் உயிர் கிடைத்தது என்று நாம் மகிழலாம். ஆனால் மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை அந்த மகிழ்ச்சி. 2015இல் டில்லி சர்க்கார் தடத்தை அகற்றுவதென்று முடிவு செய்தது. 2016 தொடக்கத்தில் இடிப்பு வேலை ஆரம்பமாயிற்று. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சாலையில் வென்றார்கள்.

தடம் போட்டவர்களிடம் குற்றமில்லை என்று நாம் வாதாட வரவில்லை. நடுச் சாலையில் நிறுத்தம் அமைத்தார்கள். பஸ் பிடிக்க வண்டிகளுக்கு நடுவே பாதிச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. தடத்தில் ஒரு பஸ் பழுதாகி நின்றால் பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. சிக்னல் சுற்று நீண்டுபோய் எல்லாரையும் வாட்டியது. 5.8 கிலோமீட்டரோடு நிறுத்தியும் விட்டார்கள். அதற்கு அப்பால் பஸ் மறுபடியும் கார்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் தொழிலாளிக்கு மிச்சமாகும் நேரம் எவ்வளவு? இவை திருத்தக்கூடிய குற்றங்கள். சிக்னலைத் திருத்தியிருக்கலாம், பழுது வண்டியை இழுக்க ஏற்பாடு செய்திருக்கலாம், தடத்தை நீட்டியிருக்கலாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக முடிந்தது.

பஸ் பயணிகளின் பக்கம் கூக்குரல் ஏன் எழவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். எழாமலா இருந்திருக்கும்? காரில் காத்திருப்பவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார், தெரிந்த அதிகாரிக்கு டெலிபோன் போடுகிறார். பஸ்ஸில் நிற்பவனுக்கு ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். அவனுடைய குரல் சங்கத்தின் மூலமாகத்தான் வெளியே வரும்; அந்த வேலையில் நம் பக்கத்திலும் குறை உண்டு. கூலிக்கும் போனசுக்கும் வாயில் கூட்டம் போடுகிறோம். தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் பறிபோவதைப் பற்றி எத்தனை தீர்மானம் போட்டோம்?

இங்கே நம் ஊர்களில் மேம்பாலத்துக்கும் சாலை அகலப்படுத்துவதற்கும் திட்டம் வரும்போதெல்லாம் முன்னால் வருவது இந்த அளவெடுப்புதான். சாலையோரம் கையில் அட்டையும் கடிகாரமுமாக நான்கு பேர் நின்றால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் கூலிக்கு எண்ணுகிற பிள்ளைகள். அவர்களோடு சண்டை வேண்டாம். திட்டம் போடுகிறவரிடம் கிளைச் செயலாளர் எழுத்து மூலமாகக் கேட்கட்டும். வண்டியை மட்டும் எண்ணுகிறீர்களா, உள்ளே இருக்கும் ஆளையும் எண்ணுகிறீர்களா? நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் கணக்கில் உண்டா? சாலையைக் கடக்க நிற்கும் கிழவியின் நிமிஷம் உண்டா? எந்த மாதத்தில், எந்தக் கிழமையில், எந்த மணிக்கு அளந்தீர்கள்? ஷிப்டு மாறும் நேரத்தில் அளந்தீர்களா, ஆபீசர் வீடு திரும்பும் நேரத்தில் மட்டுமா? ஓட்ட வேகத்தைச் சொல்கிறீர்களா, பயண வேகத்தைச் சொல்கிறீர்களா?

பதில் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம் போதும். ஒரு வாரத்துக்கு, வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம், நிறுத்தத்துக்கு வந்த நேரம், ஏறின பஸ்ஸின் நேரம், ஆலை வாயிலில் இறங்கிய நேரம் நான்கையும் ஒவ்வொரு கிளையிலும் பத்துத் தோழர்கள் எழுதிவையுங்கள். டிரைவர் தோழர்கள் ஒவ்வொரு சிங்கிளுக்கும் உண்மையாக ஆன நிமிஷத்தை அட்டவணை நிமிஷத்துக்குப் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த மேம்பாலக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, அந்த நோட்டுகளோடு போவோம்.