முஸீபத் அல்ல, வில்லங்கம்!



கடை ஏலத்துக்கு வந்துவிட்டால் 'பலா முஸீபத்' என்கிறோம். ஜாமீன் நின்ற கடன் கழுத்தைப் பிடித்தால் 'அல்லாஹ்வின் சோதனை' என்கிறோம். வாங்கிய மனைக்கு இன்னொருவர் உரிமை கொண்டாடி வந்தால் 'நம்ம நஸீபு' என்று பெருமூச்சு விடுகிறோம்.

புயலையும் நோயையும் சோதனை என்று சொல்லுங்கள், பொறுமை கொள்ளுங்கள். படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கும் அதே பெயரா? எல்லாவற்றையும் சோதனைக் கணக்கில் எழுதிவிட்டால், 'இதை நான் முன்பே விசாரித்திருக்கலாமே' என்ற கேள்வி நம் மனதில் எழுவதே இல்லை. தகப்பன் விழுந்த இடத்திலேயே மகனும் விழுகிறான்.

நம் தாய்மொழி இந்த விஷயத்தில் ஏழை அல்ல. ஒருவன் நமக்கென்றே விரித்து வைப்பது கண்ணி. தழை போட்டு மூடிய பள்ளம் படுகுழி. ஓடுகிற சக்கரத்தை நிறுத்துவது முட்டுக்கட்டை. யார் குற்றமும் இல்லாமல் நூலில் விழுவது சிக்கல். பத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் பிறர் உரிமை வில்லங்கம். பெயர் சரியாக இருந்தால்தான் மருந்தும் சரியாக இருக்கும். கண்ணி என்றால் விரித்தவன் யார் என்று பார்க்க வேண்டும். சிக்கல் என்றால் பொறுமையாக அவிழ்க்க வேண்டும். வில்லங்கம் என்றால் வாங்கும் முன்பே தேட வேண்டும்.

வியாபாரிகள் அடிக்கடி விழும் மூன்று இடங்களைப் பார்ப்போம்.

சான்றிதழில் வராத வில்லங்கம்

மனை வாங்குவோர் பதிவுத்துறையில் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார்கள். இன்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நல்லது. ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. அதுவும் நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே.

ஒருவர் மவுத்தானால் அந்த நொடியே அவருடைய மகளுக்கும் மனைவிக்கும் சொத்தில் பங்கு வந்துவிடுகிறது. அதற்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. ஆகவே எந்தச் சான்றிதழிலும் அது தெரியாது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற வீட்டை வாங்கியவர், பல வருடம் கழித்து அக்கா தங்கைகள் தொடுத்த வழக்கில் நிற்கிறார். இங்கே முஸீபத் எது? பெண்பிள்ளைகளின் ஹக்கை மறைத்தவர்கள் படுகுழி வெட்டினார்கள். வாரிசுகள் எத்தனை பேர் என்று கேட்காதவர் அதில் கால் வைத்தார். அவ்வளவுதான்!

'சும்மா ஒரு கையெழுத்து'

'மச்சான், பேருக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து' என்று கேட்கிறார்கள். சட்டத்தில் பேருக்கு என்று ஒன்று கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடனாளியை முழுதாகத் துரத்தி முடித்த பிறகுதான் வங்கி உங்களிடம் வரும் என்று எண்ணாதீர்கள். முதலிலேயே உங்கள் வாசலுக்கு வரலாம். இந்தக் கடனை நானே கட்ட வேண்டி வந்தால் என்னால் முடியுமா? 'முடியும்' என்றால் மட்டும் பேனாவைத் திறங்கள்.

தொகை எழுதாத செக்

சரக்கு வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கை நம்பிக்கையின் பேரில் கொடுக்கும் பழக்கம் நம் கடைத்தெருக்களில் இருக்கிறது. பணம் இல்லாமல் செக் திரும்புவது, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி 1989 முதல் குற்றம். இன்று அதற்கு 2 ஆண்டு வரை சிறை; செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். 'தொகையை நான் எழுதவில்லை' என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழுகிறது.

நாமே படுகுழி ஆகலாமா?

வாங்கும்போது விழிப்பாக இருக்கும் நாம், விற்கும்போது என்ன செய்கிறோம்? ஒருநாள் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அதை மக்கள் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்தார்கள். ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல என்றும் எச்சரித்தார்கள். சரக்கில் உள்ள அய்பை மறைத்து விற்றால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்கிறது ஃபிக்ஹ். நிச்சயமில்லாத பேரத்துக்கு 'கரர்' என்று பெயரிட்டுத் தடுத்தது மார்க்கம். தண்ணீரில் நீந்தும் மீனையும் வானத்தில் பறக்கும் பறவையையும் விற்பதை இதற்கு உதாரணமாகச் சொன்னார்கள் இமாம்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான்!

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் பத்திரம் படிக்கத் தெரிந்த நாலு பேர் இருப்பீர்கள். வாரம் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு, பள்ளி முற்றத்தில் உட்காருங்கள். கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தவக்குல் வையுங்கள், அதற்கு முன் ஒட்டகத்தைக் கட்டுங்கள்!