அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் ப்ரொஜெக்டர்

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். அன்பளிப்பாகக் கிடைத்த ப்ரொஜெக்டர் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பழுதில்லை. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பிறகு அனுப்பிய லெப்டொப்பில் அதைப் பொருத்த இடமில்லை. "ரெண்டும் நல்ல சாமான்தான் தம்பி, ஒன்னுக்கொன்னு சேரலை" என்றார் விஞ்ஞான டீச்சர்.

ப்ரொஜெக்டரில் இருந்தது வீ.ஜீ.ஏ. மட்டும். 15 ஊசிகள் கொண்ட இந்த இணைப்பை ஐ.பி.எம். 1987 இல் அறிமுகப்படுத்தியது. இதை 2015 அளவில் கைவிடப்போவதாக இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. லெப்டொப்பில் இருந்ததோ எச்.டி.எம்.ஐ.; அதன் முதல் தரநிலை 2002 இல் வெளிவந்தது.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. பதுளை டவுனுக்குப் போய், தன் கைக்காசில் ஒரு கொன்வேர்ட்டர் வாங்கி வந்தார். திரையில் எதுவும் வரவில்லை. காரணம், அது வீ.ஜீ.ஏ. சிக்னலை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் வகை. இங்கு தேவைப்பட்டது மற்றத் திசை. ஒன்று அனலொக், மற்றது டிஜிட்டல் என்பதால் உள்ளேயுள்ள சிப் ஒரு திசைக்கு மட்டுமே வேலை செய்யும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அடுத்த தலைவலி யு.எஸ்.பி.-சி. துளை ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எல்லாத் துளையும் படம் அனுப்பாது. சில சார்ஜ் ஏற்றவும் தரவு கடத்தவும் மட்டுமே. பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் அல்லது தண்டர்போல்ட் குறி இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் மொடல் இலக்கத்தை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும். பொதுவான சார்ஜருக்காக ஐரோப்பிய ஒன்றியம் யு.எஸ்.பி.-சி. யைக் கட்டாயமாக்கிய சட்டமும் சார்ஜ் பற்றியதுதான், படத்துக்கு அது உத்தரவாதமில்லை. டிஸ்ப்ளே போர்ட்டுக்கு எச்.டி.எம்.ஐ. போல உரிமக் கட்டணத் தொல்லை இல்லை, மொனிட்டருக்கு அருமையானது. ஆனால் வகுப்பறை ப்ரொஜெக்டர்களில் அதைக் காண்பது அரிது. ஆகவே இன்றைக்குப் பாடசாலைக்கு வாங்குவதென்றால் இரண்டு பக்கமும் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்று பார்ப்பதே புத்தி.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் கழித்த சாமான்களே அன்பளிப்பு என்ற பெயரில் மலையேறி வருகின்றன என்பது என் ஆதங்கம். கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் "உங்களிடம் உள்ள மெஷினின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று அதிபரிடம் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மாகாணக் கல்வித் திணைக்களமும் கொள்வனவுப் பத்திரத்தில் இணைப்பு வகையையும் கேபிளையும் ஒரு வரியில் எழுதலாம். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வர பஸ் காசும் ஒரு நாளும் செலவாகும் ஊர் இது.

திரும்பப் போனபோது சரியான கொன்வேர்ட்டரை வாங்கிக் கொடுத்தேன். எரிமலை வீடியோ சுவரில் விழுந்தது. சத்தம் மட்டும் வரவில்லை, வீ.ஜீ.ஏ. ஒலியைக் கடத்தாது. ஓடியோ துளையுள்ள கொன்வேர்ட்டராகப் பார்த்து வாங்க நானும் மறந்திருந்தேன். டீச்சர் சுவர் ஓரமாக நின்று, எரிமலை எப்படி வெடிக்கிறது என்பதைத் தன் குரலிலேயே சொல்லத் தொடங்கினார்.