எழுதுவினைஞன் தலைவனாகலாமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைக் குடியிருப்புகளிலும் இன்று கூட்டம் கூடுவது மண்டபத்திலன்று, கைத்தொலைபேசியில். தண்ணீர்க் கட்டணமும் பழைய மாணவர் சங்கத் தேர்தலும் அங்கேதான் வாதாடப்படுகின்றன. விடிந்தால் இருநூறு செய்திகள்! இவற்றைப் படித்துச் சாரம் கூறச் செயற்கை அறிவு வருகிறது, வரவேற்போம் என்கின்றனர் நம் படித்த பெருமக்கள். வாட்ஸ்அப் நிறுவனம் 2025இல் இத்தகைய சுருக்கத்தை அமெரிக்காவில் தொடங்கிற்று. எந்த மொழியில்? ஆங்கிலத்தில்!

நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். 2015இல் தைவானில் ஊபர் வாடகைக் காரைப் பற்றி மக்கள் கணினி வழியே விவாதித்தனர். ஒருவருக்கொருவர் மறுமொழி எழுத அங்கே இடமில்லை. ஒவ்வொரு கூற்றையும் ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது விட்டுவிடலாம். எதிரெதிர் அணியினரும் ஒருங்கே ஏற்ற கூற்றுகளைக் கணினி பொறுக்கி முன்வைத்தது. வசைபாட வழியில்லாது போயிற்று. 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றிலோ, மனித நடுவர் எழுதிய இணக்க உரையைவிட இயந்திரம் எழுதியதையே கூடுதலானோர் விரும்பினர். மெச்சுகிறோம். ஆயினும் அதுவும் ஆங்கிலத்தில் நடந்ததே.

நம் நாட்டின் கதை வேறு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பேஸ்புக்கில் சிங்களத்தில் வெறுப்புரை பெருக்கெடுத்தபோது, அதைத் தடுக்க வேண்டிய நிறுவனத்திடம் அம்மொழி அறிந்தோர் போதிய அளவில் இல்லை. 2020இல் வருத்தம் தெரிவித்தனர். எரிந்த வீட்டுக்கு வருத்தம் கூரையாகுமா?

பெரும்பான்மையோர் மொழிக்கே அக்கதியென்றால் தமிழின் கதி யாது? வன்னியில் நெல் விதைக்கும் கமக்காரர் குளத்து நீர் பற்றித் தம் வழக்கில் பேசிக் குரற்பதிவு அனுப்புகிறார். கொழும்பிலிருக்கும் பொறியியலாளர் அதே குழுவில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுகிறார். சுருக்கத்தில் எவர் சொல் நிற்கும்? விளங்கியதை இயந்திரம் சாரமாக்கும், விளங்காததை நழுவவிடும். விடப்பட்டவரோ தாம் விடப்பட்டதையே அறியார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வெளிப்படையாக வந்தது. தமிழர் காலிமுகத்திடலில் அமர்ந்து எதிர்த்தனர். இந்தச் சுருக்கத்தை எதிர்த்து எந்தத் திடலில் அமர்வது?

ஆகவே இயந்திரம் எழுதுவினைஞனாக வரட்டும். சொன்னவர் சொல்லை அவர் மொழியிலேயே காத்து வைக்கட்டும். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் பெயர்க்கட்டும். அரச ஆவணங்களுக்கென மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அத்தகைய முறையொன்றை ஆக்கியிருக்கையில், முடியாதென்பது வெறும் சாக்கு. மறுத்தவர் ஒருவரேயாயினும் அவர் மறுப்பும் பதிவாகட்டும். எவரைப் பேசவிடுவது, எவர் வாயை அடைப்பது என்னும் அதிகாரத்தை மட்டும் அதனிடம் ஒப்படையோம்.

குழு நடத்தும் அன்பர்களே, அடுத்த சுருக்கம் வரும்போது தமிழில் சொல்லப்பட்டவை எத்தனை, அவற்றுள் மிஞ்சியவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கைக் குழுவிலேயே எழுதுங்கள், தமிழில்.