காட்டுப் பாதையைத் திறங்கன்னு கேக்கறீங்க... யாருக்குங்க?

ஜீப், தார், ஜிம்னி, அட்வெஞ்சர் பைக் வச்சிருக்கிற கோவை நண்பர்களுக்கான பதிவு இது. கொஞ்சம் நீளம். பாதியில் கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

சமீபமா நிறைய பேர் என்கிட்ட சொல்ற ஆதங்கம் ஒண்ணுதான். "டாக்டர், நடக்கிறவங்களுக்கு அரசாங்கமே 40 பாதையைத் திறந்து விட்டிருக்கு. எங்களுக்கு ஒண்ணுகூட இல்லை. பழைய கூப்பு ரோடு, ஆள் போகாத எஸ்டேட் ரோடு எல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்குது. நாங்க மாசம் ஒரு தடவை போய் வந்தா பாதை உயிரோட இருக்கும். விழுந்த மரத்தை அறுத்து, கல்லைப் புரட்டி, சொந்தக் காசுல சரி பண்றோம்னு சொன்னாலும் கேட்டைத் திறக்க மாட்டேங்கறாங்க."

இந்த ஆசையை நான் கேலி பண்ண மாட்டேன். இது கரிவரதன் ஊர். செட்டிபாளையத்துல அவர் பேர்லயே ரேஸ் டிராக் இருக்கு. இன்ஜினைக் கழட்டி மாட்டறது நம்ம ஊர்ப் பசங்களுக்கு விளையாட்டு. மேற்கே திரும்பினா மலை, கையில வண்டி. ஆசை வராம இருந்தாத்தான் அதிசயம். "காசு இருக்கிறவன் கொழுப்பு"ன்னு ஒரே வார்த்தையில ஒதுக்கறவங்களோட எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனா அந்த 40 பாதை எப்படித் திறந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையிலிருந்து போன ஒரு குழு, நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து போன இன்னொரு குழு, ரெண்டும் மாட்டிக்கிச்சு. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் போச்சு. கடைசியில் இறந்தவங்க 23 பேர். முதல் நாள் செய்தியில் வந்த எண்ணிக்கை இதைவிடக் குறைவு. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தரா இறக்க இறக்க அது ஏறிக்கிட்டே போச்சு. உடம்பில் பாதிக்கு மேல வெந்தவங்க முதல் நாள் நல்லா பேசுவாங்க, அம்மாவுக்கு போன் போட்டுக் கொடுங்கன்னு கேப்பாங்க. அப்புறம் நீர் வெளியேறி ரத்த அழுத்தம் விழும், கிட்னி நிக்கும், ஒரு வாரத்துல கிருமி ரத்தத்துல ஏறும். தீக்காய வார்டுல வேலை பார்த்த எந்த டாக்டரும் அந்த முதல் நாள் பேச்சை நம்ப மாட்டார்.

அதுக்கப்புறம்தான் மலையேற்றம் நிறுத்தப்பட்டுச்சு. அதே வருஷம் அதுக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சாங்க. இடையில் அங்கங்கே அனுமதி கிடைச்சாலும், 2024 அக்டோபர்லதான் 14 மாவட்டத்துல 40 பாதைகள் முறையா ஆன்லைன் பதிவோட திறந்துச்சு. நம்ம பக்கம் டாப்ஸ்லிப் - பண்டாரவரை, மானாம்பள்ளி, ஆழியாறு கால்வாய்க்கரை, சாடிவயல் - சிறுவாணி, செம்புக்கரை - பெருமாள்முடி எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆறரை வருஷம் ஆச்சுங்க.

சும்மா திறக்கலை. நடக்கிறவங்க ஒண்ணை விட்டுக் கொடுத்தாங்க: நினைச்ச நேரத்துல, நினைச்ச வழியில் போற சுதந்திரத்தை. கூட உள்ளூர் வழிகாட்டி வருவார், அவர் நில்லுன்னா நிக்கணும். 2025ல பிப்ரவரி நடுவிலேயே, தீப்பிடிக்கிற காலம்னு மூடினப்ப, மூடுங்கன்னு ஒத்துக்கிட்டாங்க.

இப்ப உங்க விளையாட்டைப் பாருங்க. பேரே ஆஃப்-ரோடு. ரோட்டை விட்டு விலகறதுதான் அதுல சுவை. சேறு இல்லாட்டி, ஓடை இல்லாட்டி, ஏற முடியாத மேடு இல்லாட்டி உங்களுக்கு போர் அடிக்கும். ஒருத்தர் போன தடத்துல சக்கரம் சிக்குச்சுன்னா அடுத்தவர் பக்கத்துல புதுத் தடம் போடுவார். ஒண்ணரை டன்னுக்கு மேல எடை. ஈர மண்ணு அமுங்கி, அடுத்த மழைக்கு அந்தத் தடமே வாய்க்காலாகி மேல் மண்ணை அரிச்சுட்டுப் போகும். "பாதையை உயிரோட வச்சிருக்கோம்"னு நீங்க சொல்றதை என்னால ஏத்துக்க முடியாத இடம் இதுதான். நீங்க உயிரோட வச்சிருக்கறது தடத்தை. பாதை அதுக்குள்ள கரைஞ்சு ஓடைக்குப் போயிருக்கும்.

தீயும் இருக்கு. மாசி, பங்குனியில் போதைப்புல் காஞ்சு உங்க பம்பர் உயரத்துக்கு நிக்கும். வண்டிக்கு அடியில் சைலன்சர் கொதிக்கும். அதுல புல் மாட்டினா என்ன ஆகும்னு மெக்கானிக்கைக் கேளுங்க, அவரே சொல்வார்.

யானையைப் பத்தி நான் அதிகம் பேசலை, பேச வேண்டியவங்க நிறைய இருக்காங்க. ஒரே ஒரு தகவல். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த முதியவர் ஒருத்தர் பைக்கில் போனப்ப யானை தாக்கி இறந்தார். அது காட்டுத் தடம்கூட இல்லைங்க, பொள்ளாச்சி - வால்பாறை தார்ச்சாலை. திம்பத்துல தேசிய நெடுஞ்சாலையையே 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரியில் மூட வேண்டி வந்துச்சு. லாரிக்காரங்களும் தாளவாடி விவசாயிகளும் பிழைப்பு போகுதேன்னு வீதிக்கு வந்தாங்க. பிழைப்புக்காகப் போறவனையே நிறுத்தி வைக்கிற காட்டுல, பொழுதுபோக்குக்கு வழி கேட்கிறவங்க வரிசையில் கொஞ்சம் பின்னாடிதான் நிக்கணும்.

சரி, என் துறைக்கு வர்றேன்.

ஜீப் கவிழ்ந்தா என்ன ஆகும்? பெரியவங்க உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடை எலும்பு ஒண்ணு முறிஞ்சா ஒரு லிட்டர், ஒண்ணரை லிட்டர் தொடைக்குள்ளேயே தேங்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. இடுப்பெலும்பு நசுங்கினா ரெண்டு லிட்டருக்கு மேலயும் போகும். நகரத்துல இது காப்பாத்தக்கூடிய கேஸ். அவிநாசி ரோட்டுல விழுந்தவரை அரை மணி நேரத்துல மேஜைக்குக் கொண்டு வந்துடலாம். சிக்னல் இல்லாத ஓடையில் விழுந்தவருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அங்கே யார் உங்களைத் தூக்குவாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? உங்க நண்பர்கள் பதறிக்கிட்டு நிப்பாங்க. தூக்கறது வேட்டைத் தடுப்புக் காவலரும், பக்கத்து செட்டில்மென்ட்ல இருக்கிற மலசரோ இருளரோ காடரோதான். ரெண்டு மூங்கில், ஒரு போர்வை. அவங்களுக்கு இந்த வேலை நல்லாத் தெரியும். ஏன் தெரியும்னா, சொந்த வீட்டுப் பொம்பளைங்களை அப்படித்தான் வருஷம் முழுக்கத் தூக்கிட்டு வர்றாங்க.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

உடுமலைப்பேட்டை பக்கம் திருமூர்த்திமலைக்கு மேல குருமலை, குழிப்பட்டின்னு மலைக் கிராமங்கள் இருக்கு. கர்ப்பிணிகளைத் தொட்டில் கட்டி இறக்கின செய்தி அங்கிருந்து எத்தனை தடவை பேப்பர்ல வந்துச்சுன்னு எண்ண முடியாது. ரோடு கேட்டு வருஷக்கணக்கா மனு கொடுத்து, போராடிப் பார்த்தவங்க. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இப்படி எத்தனையோ ஊர். வால்பாறை பக்கம் கல்லார்குடி காடர்கள் 2019 ஆகஸ்ட் மழையில் மண்சரிவால் வீட்டை இழந்தாங்க. பக்கத்துல தெப்பக்குளமேட்டுல குடியேற இடம் கேட்டு ரெண்டு வருஷம் போராட வேண்டியிருந்துச்சு. அந்தக் காடே அவங்களோடதுங்க.

பிரசவத்துக்குப் பின்னாடி கர்ப்பப்பை சுருங்காம ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா, நிறுத்தாட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள உயிர் போகலாம். அதை நிறுத்தற ஊசி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இருக்கிற சாதாரண ஊசி. விலையும் பெரிசில்லை. மருந்து தயாரா இருக்கு, நர்ஸ் தயாரா இருக்காங்க, நடுவுல சில கிலோமீட்டர் பாதை இல்லை. டாக்டர் என்ன பண்ணுவார்? குறிச்ச தேதிக்கு முன்னாடியே கீழே வந்து தங்கச் சொல்வோம். மூத்த பிள்ளையை யார் பார்ப்பா, தினக்கூலி யார் தருவான்னு அந்தப் பொண்ணு கேட்டா எங்ககிட்ட பதில் இருக்காது.

சட்டம் இல்லாம இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்துல தெளிவாவே இருக்கு. ரோடு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், குடிநீர்னு 13 வகை வசதிக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்கணும். அளவா, யோசிச்சு எழுதின பிரிவு.

அப்ப ஏன் இழுக்குது? ரோட்டுக்கு எதிரா எப்பவும் வர்ற வாதம் ஒண்ணு இருக்கு: "இவங்களுக்காகப் போட்டா, நாளைக்கு வெளியாள் ஜீப்புல வந்து இறங்கிடுவான்." நல்லா கவனிங்க. அந்த வெளியாள் நீங்கதான். அனுமதி இல்லாம ஓடையைக் கடந்து, பாட்டுப் போட்டு நீங்க விடற ஒவ்வொரு ரீல்ஸும் அந்த வாதத்துக்கு ஆதாரமாகுது. உங்களுக்கு ஃபைன் போட்டு அனுப்பிடுவாங்க. கேட்டுக்குப் போடற இரும்புப் பூட்டு மேல இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதனால உங்ககிட்ட ஒரு வேலை கேக்கறேன்.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துல ஆஃப்-ரோடு பசங்க என்ன பண்ணாங்கன்னு உங்களுக்கே தெரியும். உயரமாக்கின ஜீப், பெரிய டயர், வின்ச். வேற வண்டி போக முடியாத தண்ணிக்குள்ள போய் ஆளுங்களை வெளியே கொண்டு வந்தாங்க. அதுவரை அந்த வண்டிகளைப் பார்த்து முகம் சுளிச்சவங்களே கையெடுத்துக் கும்பிட்டாங்க. அந்தத் திறமை உங்ககிட்டயும் இருக்கு. சேத்துல சிக்கின வண்டியை எடுக்கத் தெரியும், சரிவைப் பார்த்தே ஏறுமா ஏறாதான்னு சொல்லத் தெரியும். எங்க ஆம்புலன்ஸ் டிரைவர்கள்ல பல பேருக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

கிளப்பா சேர்ந்து மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் எழுத்துல கொடுங்க. மழைக்காலத்துல இந்த இந்த செட்டில்மென்ட்டுக்கு அவசரத்துக்கு இத்தனை வண்டி, இத்தனை டிரைவர் தயார், நீங்க கூப்பிட்டாத்தான் வருவோம், கூப்பிடாட்டி கேட்டுப் பக்கம் வர மாட்டோம்னு. முதலுதவிப் பயிற்சிக்கு நானே வர்றேன், காசு வேண்டாம். ரத்தம் கட்டறது, முறிஞ்ச காலை அசையாம வைக்கிறது, கழுத்தைத் திருப்பாம தூக்கறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கிராம சபை ரோடு கேட்டுத் தீர்மானம் போடறப்ப, உங்க வக்கீல் நண்பர், இன்ஜினியர் நண்பர் பக்கத்துல உட்காரட்டும். அந்த ரோட்டுக்கு ஒரு கேட், கேட்டு சாவி ஊர்க்காரங்க கையில்னு நீங்களே சேர்த்துக் கேளுங்க. ஜீப் வச்சிருக்கிறவனே "எங்களை உள்ள விடாதீங்க, ஆம்புலன்ஸை விடுங்க"ன்னு சொன்னா, அந்தப் பழைய வாதம் அப்புறம் எங்கே நிக்கும்?

ஜீப் ஆம்புலன்ஸுக்கு மாற்றுன்னு நான் சொல்ல வரலை. ரோடு போடறது அரசோட கடமை. அது வர்ற வரைக்குமான ஏற்பாடுதான் இது.

"அப்ப எங்க விளையாட்டு?" நியாயமான கேள்வி. தனியார் தோட்டத்துல டிராக் வெட்டி நடத்தறீங்க, நல்ல விஷயம். காப்பகத்துக்கு வெளியே, யானை வழித்தடம் இல்லாத புறம்போக்குல நிரந்தரமா ஒரு தடம் கேளுங்க. அந்தக் கோரிக்கைக்கு நானும் கையெழுத்துப் போடறேன். "ரிசார்ட்காரன் வண்டி மட்டும் உள்ள போகுதே"ன்னு கேக்கறதும் சரியான கேள்விதான். தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, பதிலை வெளியிடுங்க. அவன் போறான்னு நானும் போவேன்ங்கிறது வேற விஷயம்.

இடையில ஒரு மருத்துவக் குறிப்பு, நடந்தாலும் ஓட்டினாலும். காட்டுக்குப் போய் வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், கடுமையான தலைவலி வந்தா, காட்டுக்குப் போனதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரை, விட்டுட்டா ஐ.சி.யூ.

பயிற்சிக்கு வர்ற கிளப்காரங்க கீழே கமென்ட்ல ஊர் பேரும் எத்தனை பேருன்னும் போடுங்க. வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு எனக்கு ஓ.பி. இல்லை. திட்ட வர்றவங்களும் வாங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல பதில் சொல்றேன்.