லிஸ்பன் நகரமும் புதிய நாடோடிகளும்

நாடோடி என்ற சொல் நம்மவர் வழக்கில் மதிப்பைக் குறித்த சொல்லன்று. நிலமும் மனையும் இல்லாதவன், ஓரிடத்தில் நிலைத்து வாழாதவன், ஆதலின் நம்பத்தகாதவன் என்ற எண்ணமே அச்சொல்லோடு ஒட்டிநின்றது. இன்றோ கற்றறிந்த இளைஞர் பலர் அச்சொல்லைத் தாமாகவே விரும்பிச் சூடிக்கொள்கின்றனர். 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள், ஒரு நாட்டு நிறுவனத்திடம் ஊதியம் பெற்று, வேறொரு நாட்டின் நகரத்தில் தங்கி, மடிக்கணினியையும் இணையத்தையும் துணையாகக் கொண்டு தம் வேலையைச் செய்து முடிப்பவர்கள். சில மாதங்கள் கழிந்ததும் இன்னொரு நகரத்துக்குப் பெயர்ந்துவிடுவர்.

இப்பெயர் மிகப் புதியதன்று. ட்சுகியோ மக்கிமோட்டோ என்ற ஜப்பானிய மின்னணுத் துறை அறிஞரும், டேவிட் மனர்ஸ் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளரும் 1997ஆம் ஆண்டிலேயே இப்பெயரைத் தலைப்பாகக் கொண்ட நூலொன்றை வெளியிட்டனர். தொழிற்கருவிகள் கையடக்கமாகிவிடின் மனிதன் ஓரிடத்திற் கட்டுண்டு கிடக்கவேண்டியதில்லை என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. அன்று அது வெறும் எதிர்பார்ப்பாகவே இருந்தது. 2020இல் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருந்தொற்று அதனை நடைமுறையாக்கிற்று. அலுவலகங்கள் மூடப்பட்டன; வேலை வீட்டுக்கு வந்தது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையைக் கடல் கடந்த ஓர் ஊரிலிருந்தும் செய்யலாம் என்பதை முதலாளியும் ஊழியரும் ஒருங்கே கண்டுகொண்டனர். அவ்வாண்டிலேயே எஸ்தோனியாவும் பார்படோசும் இத்தகையோருக்கென விசேட வீசாக்களை வகுத்தன. ஏனைய நாடுகள் பல அவற்றைப் பின்பற்றின.

எம் மாணவரிடையே இவ்வாழ்க்கை ஓர் இலட்சியமாக உருவாகி வருவதை நான் காண்கின்றேன். கடலை நோக்கிய சாளரம், விரும்பிய வேளையில் தொடங்கும் வேலைநாள், மேலதிகாரியின் முகத்தைக் காணாத உத்தியோகம் ஆகியவை அவர்களைக் கவர்கின்றன. அக்கவர்ச்சியை நான் இகழவில்லை. அலுவலக மேசையோடு ஆயுளைக் கழித்த தந்தையரின் பிள்ளைகள் வேறு வாழ்வை விரும்புவதில் வியப்பொன்றுமில்லை. ஆயின், நாடோடி வந்து தங்கும் நகரத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்கு என்ன நேர்கின்றது என்ற வினாவை அவர்களுள் ஒருவரேனும் எழுப்பக் கேட்டேனில்லை. அவ்வினாவை ஒரு நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நகரம் லிஸ்பன். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயரின் தலைநகர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் அமரும் கதிரையும், உடைகளை வைக்கும் அலுமாரியும், அதனைத் திறக்கும் சாவியும் அவர்கள் மொழி நமக்கு விட்டுச்சென்ற சொற்களே. எனினும் நான் இந்நகரைத் தேர்ந்ததற்குக் காரணம் இப்பழைய உறவன்று. வெளிநாட்டுப் பணத்துக்குக் கதவைத் திறந்த ஒரு நகரத்துக்கு என்ன நிகழும் என்பதைப் பத்துப் பதினைந்து ஆண்டு எல்லைக்குள் இத்துணைத் தெளிவாகக் காட்டும் நகரங்கள் மிகச் சிலவே.

நான்கு மடங்கு

டிஜிட்டல் நாடோடிகளுக்கான வீசாவைப் போர்த்துக்கல் அரசு 2022 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் முதன்மையான நிபந்தனை எளியது: விண்ணப்பதாரியின் மாத வருமானம் போர்த்துக்கலின் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் நான்கு மடங்காயினும் இருத்தல் வேண்டும். அவ்வாண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 705 யூரோ. எனவே நாடோடி 2,820 யூரோ உழைப்பவராய் இருத்தல் வேண்டியதாயிற்று. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோவாக உயர்ந்தபோது இவ்வெல்லையும் 3,480 யூரோவாக உயர்ந்தது.

இந்நிபந்தனையைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். வருபவர் அரசுக்குச் சுமையாகிவிடக்கூடாது என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் தவறன்று. ஆனால் அதன் விளைவு யாது? கடையிலும் உணவகத்திலும் வைத்தியசாலைத் துப்புரவுப் பணியிலும் ஈடுபட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் பெறும் லிஸ்பன் தொழிலாளியும், அவரைப்போல் நான்கு மடங்கு பெறுபவரும் ஒரே வாடகைச் சந்தையில் ஒரே வீட்டுக்காகப் போட்டியிடுகின்றனர். வீட்டுச் சொந்தக்காரர் யாருக்குக் கதவைத் திறப்பார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சந்தையில் இயல்பாகத் தோன்றும் ஏற்றத்தாழ்வு ஒருபுறமிருக்க, இங்கே சட்டமே அவ்வேற்றத்தாழ்வை நுழைவுச்சீட்டாக எழுதிவைத்துள்ளது.

நாடோடியின் சுதந்திரம் எதிலிருந்து பிறக்கின்றது என்பதும் இதனால் விளங்கும். மடிக்கணினி அதன் கருவி மாத்திரமே. ஊதியம் ஒரு நாட்டின் அளவிலும் செலவு இன்னொரு நாட்டின் அளவிலும் அமைவதால் எஞ்சும் மிச்சமே அதன் ஊற்று. லண்டனில் இடர்ப்பட்டு வாழப் போதுமான ஊதியம் லிஸ்பனில் வசதியாக வாழப் போதுமானதாகின்றது. ஆனால் அத்தகையோர் பெருகப் பெருக லிஸ்பனின் விலைகள் லண்டனின் விலைகளை நோக்கி நகர்கின்றன. லிஸ்பனின் சம்பளங்கள் அவ்வாறு நகர்வதில்லை. பின்னர் நாடோடி மலிவான வேறு நகரத்தைத் தேடலாம். உள்ளூர் ஆசிரியருக்கும் தாதிக்கும் அத்தகைய மாற்றுவழி கிடையாது.

கதவு திறந்த வரலாறு

இப்பழி முழுவதையும் நாடோடிகள் தலையிற் சுமத்துவாருமுளர். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. நாடோடிகள் வருவதற்கு முன்பே நகரம் விற்பனைக்கு ஆயத்தமாக்கப்பட்டிருந்தது.

சலசாரின் சர்வாதிகார ஆட்சி 1948இல் லிஸ்பன், போர்ட்டோ ஆகிய நகரங்களின் வீட்டு வாடகைகளை உயராது நிறுத்தியது. அதனால் ஏழைகள் நகர நடுவில் வாழமுடிந்தது. பழுது பார்க்க வருவாயில்லாத வீடுகள் சிதைந்தும் போயின. 1974 ஏப்ரல் 25ஆம் திகதி நிகழ்ந்த புரட்சி சர்வாதிகாரத்தை வீழ்த்தியது. 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 65ஆம் உறுப்புரை, தகுந்த வசிப்பிடம் பெறுவதை ஒவ்வொருவரதும் உரிமையாகப் பிரகடனம் செய்தது. ஆயினும் அவ்வுரிமையை நிலைநாட்டத்தக்க அளவில் அரசு வீடுகளைக் கட்டவில்லை. நாட்டிலுள்ள வீடுகளில் பொதுத்துறை வீடுகள் நூற்றுக்கு இரண்டளவிலேயே நின்றுவிட்டன.

இந்நிலையில் 2011இல் கடன் நெருக்கடி வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் 7,800 கோடி யூரோக் கடனுதவிக்கு இணங்கியபோது விதித்த நிபந்தனைகளுள் வாடகைச் சட்டச் சீர்திருத்தமும் ஒன்றாகும். 2012இல் பழைய வாடகைப் பாதுகாப்புகள் தளர்த்தப்பட்டன. அதே ஆண்டில், ஐந்து இலட்சம் யூரோவுக்கு வீடோ நிலமோ வாங்கும் அந்நியருக்கு வதிவுரிமை அளிக்கும் 'பொன் வீசா' அறிமுகமாயிற்று. 2009இல் தொடங்கியிருந்த விசேட வரித்திட்டம், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறும் குறிப்பிட்ட தொழிலினர் போர்த்துக்கலில் உழைக்கும் வருமானத்துக்குப் பத்தாண்டு காலம் நூற்றுக்கு இருபது என்ற சலுகை வரியை அளித்தது. 2014இல் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளைக் குறுங்கால வாடகைக்கு விடுவதற்கான சட்டம் எளிதாக்கப்பட்டது. கடனில் மூழ்கிய நாடு தன் வெயிலையும் வீதிகளையும் விற்று மீள முயன்றது என்றே நான் இதனைக் கொள்கின்றேன்.

அம்முயற்சி ஒருவகையில் வெற்றியும் பெற்றது. சிதைந்த வீடுகள் புதுப்பிக்கப்பட்டன, வேலைகள் தோன்றின. மறுபுறம், 2015ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடையில் நாட்டின் வீட்டு விலைகள் ஏறத்தாழ இரட்டித்தன. 1981இல் எட்டு இலட்சமளவில் இருந்த லிஸ்பன் மாநகரின் குடித்தொகை 2021இல் ஐந்தரை இலட்சமளவாகக் குறைந்தது. இக்குறைவு பல பத்தாண்டுகளாக நிகழ்ந்துவருவது. அதற்குக் காரணங்களும் பல. எனினும் அண்மைக் காலத்தில் வெளியேறியோர் புறநகரைத் தாமே விரும்பிச் சென்றனர் என்று கூறிவிட முடியாது. 2023 ஏப்ரல் முதலாம் திகதி 'வாழ்வதற்கு வீடு' என்ற கோரிக்கையுடன் பல நகரங்களில் மக்கள் வீதிக்கு இறங்கியமை அதற்குச் சான்று. அவ்வாண்டு ஒக்டோபரில் இயற்றிய சட்டம் ஒன்றினால் அரசு பொன் வீசாவிலிருந்து வீட்டுக் கொள்வனவை நீக்கியது; குறுங்கால வாடகை அனுமதிகளுக்கும் தடைகளை விதித்தது. 2024இல் பதவியேற்ற புதிய அரசு அத்தடைகளிற் பலவற்றை விலக்கிவிட்டது.

வாடகை அறையில் ஒரு கவிஞர்

இலக்கிய அன்பர்களுக்கு இதன் பொருளை விளக்க ஒரு கவிஞரின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகின்றேன். பெர்னாண்டோ பெசோவா 1905இல் தென்னாபிரிக்காவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பி, 1935இல் இறக்கும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். நகரத்து வணிக நிறுவனங்களுக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதங்கள் எழுதிக் கொடுப்பதே அவருடைய பிழைப்பு. கடல் கடந்த உலகத்தோடு மொழியால் உறவாடி, உள்ளூர் அளவில் எளிய கூலி பெற்றவர் அவர். வாடகை அறைகளில் மாறி மாறிக் குடியிருந்தார். அவர் படைத்த பேர்னார்டோ சோரெஸ் என்ற உதவிக் கணக்கெழுதுநரும் நகர நடுவிலுள்ள டோராடோரெஸ் வீதியில் வேலையும் வாடகை அறையுமாக வாழ்பவரே. அவர் பெயரில் எழுதப்பட்ட குறிப்புகள் பெசோவா இறந்து 47 ஆண்டுகள் கழிந்தபின், 1982இல், 'அமைதியின்மையின் நூல்' என வெளிவந்து உலகப் புகழ் பெற்றன.

இன்று சியாடோப் பகுதியிலுள்ள கோப்பிக்கடையொன்றின் முன்னால் பெசோவாவின் வெண்கலச் சிலை அமர்ந்திருக்கின்றது. பயணிகள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் ஓர் உதவிக் கணக்கெழுதுநர் தம் சம்பளத்தைக் கொண்டு இன்று டோராடோரெஸ் வீதியில் அறையெடுத்து வாழ்தல் அரிதினும் அரிது. ஃபாடோ இசையின் நிலையும் இத்தகையதே. 2011இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மொராரியா, அல்ஃபாமா முதலிய ஏழைகளின் குடியிருப்புகள் அவ்விசையின் தாயகம். அக்குடியிருப்புகளிற் சுற்றுலா விடுதிகள் பெருகியமையால் 2018இல் மாநகரசபையே புதிய அனுமதிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. பாட்டுக்கு மதிப்பு வந்தவிடத்துப் பாடினவர்க்கு இடமில்லாது போயிற்று. கலையைப் போற்றுவோர் அதனைப் பிறப்பித்த வாழ்க்கை நிலைமையையும் பேண நினையாராயின், எஞ்சுவது காட்சிப் பொருளே.

இருவகை அந்நியர்

இதே மொராரியாவில் இன்னொரு வகை அந்நியரும் வாழ்கின்றனர். பென்ஃபோர்மோசோ வீதியில் வங்காளதேசத்தவரும் ஏனைய தெற்காசியரும் கடை வைத்திருக்கின்றனர். நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தோர் உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுசென்று கொடுக்கின்றனர். தென்பகுதியிலுள்ள ஒடெமிராவின் பண்ணைகளிற் பழம் பறிக்கின்றனர். அப்பண்ணைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த நிலை 2021இல் பெருந்தொற்றுப் பரவியபோதே நாட்டின் கண்களுக்குப் புலப்பட்டது. நாடோடி பருகும் கோப்பியும் உண்ணும் உணவும் பல வேளைகளில் இவர்கள் கைகளைக் கடந்தே அவரை அடைகின்றன.

இவர்களும் நாடு விட்டு நாடு வந்தவர்களே; தொழிலுக்காக வந்தவர்களே. ஆயினும் இவர்களை எவரும் நாடோடிகள் என்று மதிப்போடு அழைப்பதில்லை. குடியேறிகள் என்றே அழைக்கின்றனர். நாட்டுக்குள் வந்து வேலை தேடிக்கொண்டவர் பின்னர் வதிவுரிமை கோருவதற்கு இருந்த வழி 2024 ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் திகதி பென்ஃபோர்மோசோ வீதியில் பொலிசார் நடத்திய சோதனையின்போது பலர் கைகளை உயர்த்திச் சுவரை நோக்கி வரிசையாக நிறுத்தப்பட்டனர். அப்படம் நாடெங்கும் பரவிற்று. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர், போர்த்துக்கேயரும் குடியேறியோருமாக, அதனைக் கண்டித்து ஊர்வலம் சென்றனர்.

போர்த்துக்கேயருக்கு இவ்வனுபவம் புதியதன்று. 1962இல் பிரான்சில் வாழ்ந்த போர்த்துக்கேயர் ஏறத்தாழ 50,000 பேர். 1975இல் அவர்கள் ஏழரை இலட்சமாயினர். வறுமைக்கும் ஆபிரிக்கக் காலனிப் போர்களுக்கும் தப்பி, பலர் அனுமதிச்சீட்டின்றி மலைகளைக் கடந்து சென்று, பாரிசின் அயலிலுள்ள ஷாம்பிஞியில் சேற்றிடையே குடிசை போட்டு வாழ்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நகரத்தில் இன்று வேலையைப் பையிற் கொண்டுவருபவர் விருந்தினர். வேலையைத் தேடிவருபவர் சந்தேகத்துக்குரியவர். இருவரையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் வருமானமும் கடவுச்சீட்டுமே.

செய்யவேண்டியது

நாடோடிகளை விரட்டினால் லிஸ்பனின் துன்பம் தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை. முதலீட்டாளரையும் சுற்றுலாப் பயணிகளையும் நோக்க அவர்கள் சிறு தொகையினரே. அந்நியரை வெறுக்கும் அரசியலுக்கு இவ்வாதம் எளிதில் இரையாகும் என்பதையும் மறத்தலாகாது. அவ்வெறுப்பு முதலில் விழுவது பென்ஃபோர்மோசோ வீதிக் கடைக்காரர் மேலேயன்றி மடிக்கணினிக்காரர் மேலன்று. தேவையானவை வேறு. நகரத்தின் வீதியையும் நீரையும் பாதுகாப்பையும் பயன்படுத்துவோர் அந்நகரத்தாரோடு ஒப்ப வரி செலுத்துதல் வேண்டும். அவ்வரி பொதுவீடுகளாக மாறுதல் வேண்டும். வாடகைக்கு நியாயமான எல்லையும் குடியிருப்போனுக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். சலுகை வரித்திட்டம் 2024 முதல் புதியவர்களுக்குப் பழைய வடிவில் மூடப்பட்டமை ஒரு தொடக்கம். 65ஆம் உறுப்புரை காகிதத்திலிருந்து வீதிக்கு இறங்கினாலன்றி அது நிறைவுபெறாது.

எம் மாணவருக்குக் கூறவேண்டியதும் ஒன்றுண்டு. உலகைக் காண விரும்புவது நல்ல விருப்பம். எங்கிருந்தும் உழைக்கக் கிடைத்திருப்பது இக்காலம் தந்த வாய்ப்பு. அதனைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஓரூரிற் சென்று தங்கும்போது அவ்வூர் ஏன் உங்களுக்கு மலிவாக இருக்கின்றது என்று கேளுங்கள். அம்மலிவுக்குப் பின்னால் ஒருவருடைய குறைந்த சம்பளம் இருக்கின்றது. அவர் அடுத்த ஆண்டும் அவ்வீதியிலேயே குடியிருக்க முடியுமா என்பது உங்களையும் பற்றிய வினாவாகும்.